கல்யாண மண்டபத்து வெந்நீர்: ஒரு விதியின் வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. வரும் ஞாயிற்றுக்கிழமை நம் மண்டபக் குழு கூடுகிறது. அதற்கு முன் குழுவில் உள்ளவர்கள் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களும் படிக்கலாம். லாட்ஜ், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், மண்டபம் என்று எதையாவது கட்டியவர்களும் கட்டப்போகிறவர்களும் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

கடந்த தை மாதம், நாலரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் முகூர்த்தம். மூன்றரை மணிக்கு மண்டபத்தில் எல்லா அறையிலும் கீசரைப் போட்டார்கள். பன்னிரண்டு அறை, பன்னிரண்டு கீசர். கீழே ஹாலில் ஏ.சி., சமையலறையில் கிரைண்டர், வாசலில் சீரியல் லைட். மெயின் ட்ரிப் ஆகிவிட்டது. தூக்கிவிட்டார்கள், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை ஏதோ கருகிய வாடை வந்ததும் வாட்ச்மேன் பயந்துபோய் எனக்குப் போன் செய்தார்.

நான் போனபோது மணப்பெண்ணின் பாட்டி, எண்பது வயதிருக்கும், ஈரத்துண்டோடு வராந்தாவில் நடுங்கிக்கொண்டிருந்தார். "வாத்தியாரே, இவ்ளோ பெரிய மண்டபம் கட்னீங்களே, ஒரு சொம்பு சுடுதண்ணி இல்லையே" என்றார். சமையல் மாஸ்டர்தான் மானத்தைக் காப்பாற்றினார். பொங்கலுக்கு மூட்டியிருந்த கோட்டை அடுப்பில் இரண்டு அண்டா தண்ணீர் வைத்தார். பையன்கள் வாளி வாளியாக மாடிக்குச் சுமந்தார்கள்.

இதில் வெட்கப்பட வேண்டியவன் நான். அந்த மண்டபத்தின் மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் சோலார் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. அதை வாங்கக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். மூன்று வருடமாக அதில் ஒரு சொட்டு வெந்நீர் வரவில்லை. குழாய்க்குள் உப்பு கெட்டியாகப் படிந்துவிட்டது. நம் போர் தண்ணீரின் லட்சணம் உங்களுக்கே தெரியும். "பிளான் அப்ரூவலுக்கு வேணும் சார், வெச்சுடலாம்" என்று சொன்னார்கள்; வைத்தோம். அதன் பிறகு ஒரு நாளும் மாடியேறிப் பார்க்கவில்லை. அறைக்கு அறை கீசர் மாட்டியதும் எங்கள் குழுதான்.

இப்போது குழுவில் சிலர் சொல்வது: சோலாரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, ஈ.பி.யில் கூடுதல் லோடு வாங்கிவிடலாம். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் என்பதால், அந்த முடிவுக்கு முன், அந்த ஹீட்டர் ஏன் நம் மாடிக்கு வந்தது என்ற கதையைச் சொல்லிவிட நினைக்கிறேன்.

விறகுக் காலம்

என் சிறுவயதில் வெந்நீர் என்றால் தோட்டத்து அடுப்பும் தவலையும்தான். எரிக்க வேலிக்காத்தான் முள், மல்லாட்டைத் தோல், தென்னை மட்டை. வசதியான வீட்டில் செம்பு பாய்லர் இருக்கும். நடுவில் கரி போடும் குழாய், கீழே சாம்பல் தட்டு. அண்ணாமலையாரைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் சத்திரங்களிலும் லாட்ஜுகளிலும் விறகு அடுப்புதான். ஒரு வாளி வெந்நீருக்குத் தனிக் காசு.

விறகு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சுற்றியிருந்த மலைகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அண்ணாமலை மலையே மொட்டையாகத்தான் இருந்தது. விறகு வெட்டியதும் கோடைத் தீயும் சேர்ந்து செய்த வேலை. 1980களின் இறுதியில்தான் அங்கே மரம் நடும் வேலை முறையாகத் தொடங்கியது. இன்று கிரிவலம் போகிறவர்கள் பார்க்கும் பச்சைக்கு வயது நாற்பது கூட ஆகவில்லை.

பிறகு கீசர் வந்தது. சுவிட்சைத் தட்டினால் போதும், புகையில்லை, சாம்பலில்லை. விறகு நம் கண்ணுக்கு மறைந்து, நெய்வேலியிலும் மேட்டூரிலும் நிலக்கரியாக எரியத் தொடங்கியது.

எண்ணெய் நெருக்கடியில் பிறந்த விதி

கட்டடம் எவ்வளவு சக்தி செலவழிக்கலாம் என்று சட்டம் போடும் பழக்கம் குளிர் நாடுகளில் பிறந்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது மேற்கு நாடுகள் திகைத்துப்போயின. அலுவலகம், கடை, பள்ளி எல்லாவற்றையும் குளிர்காலம் முழுக்கச் சூடாக வைத்திருக்க வேண்டிய ஊர்கள் அவை. 1975இல் ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் கட்டடங்களுக்கான முதல் ஆற்றல் தரத்தை வெளியிட்டது. 1978இல் கலிபோர்னியா மாநிலம் தனக்கென ஒரு கட்டட ஆற்றல் விதியைக் கொண்டுவந்தது. சுவர் எவ்வளவு வெப்பத்தை விடலாம், கண்ணாடி எவ்வளவு இருக்கலாம், பாய்லர் எவ்வளவு திறனோடு எரிய வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்தி இறுக்குவதும் வழக்கமானது.

வெயில் நாடான இஸ்ரேல் வேறு வழியில் போனது. அங்கே சூடாக்க வேண்டியது அறையை விடக் குளிக்கும் தண்ணீரைத்தான். 1980இல், புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் சோலார் ஹீட்டர் கட்டாயம் என்று சட்டம் வந்தது. இருபது ஆண்டு கழித்து, 2000இல், ஸ்பெயினின் பார்சிலோனா நகரமும் அப்படியொரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நம் மண்டபத்து மாடிக்கு வந்த பாதை இந்த இரண்டாவது பாதைதான்.

நம் நாட்டுக்கு வந்த விதம்

இங்கே இரண்டு தனித்தனிக் கிளைகளாக அது வந்தது.

முதல் கிளை, கட்டட அனுமதி விதி. 1999இல் மத்திய நகர்ப்புற அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு மாதிரி விதியை அனுப்பியது. ஆஸ்பத்திரி, ஹோட்டல், லாட்ஜ், ஹாஸ்டல், விழா மண்டபம் போன்று வெந்நீர் தேவைப்படும் புதிய கட்டடங்களில் சோலார் ஹீட்டர் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் சென்னைப் பெருநகரின் 2008ஆம் ஆண்டு இரண்டாம் முழுமைத் திட்ட விதிகளில் இது இருந்தது. 2019இல் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதிகள் வந்தன. மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை எல்லாவற்றுக்கும் அதுதான். சூரிய சக்தியைப் பயன்படுத்தும் பகுதி அதிலும் உண்டு. நம் மண்டபத்து பிளான் போட்டது அதன் பிறகு. அதனால்தான் நம் மாடியில் அந்த ஹீட்டர்.

இரண்டாவது கிளை, ஆற்றல் சேமிப்புச் சட்டம். 2001இல் நாடாளுமன்றம் இயற்றி, 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2007 மே மாதம் வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு வெளியானது. இ.சி.பி.சி. என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். அமெரிக்க ஆஷ்ரேயின் அச்சு அதில் நன்றாகத் தெரியும்: கட்டடத்தின் மேலுறை, குளிரூட்டல், வெந்நீர், விளக்கு, மின் அமைப்பு என்று பகுதிகள். ஆனால் நாட்டை வெப்ப வறட்சி, வெப்ப ஈரம், கலப்பு, மிதம், குளிர் என்று ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தந்த மாநிலம் தன் தட்பவெப்பத்துக்கு ஏற்ப விதியைத் திருத்திக்கொள்ளவும் சட்டத்திலேயே இடம் உண்டு. ஒடிசாவும் ராஜஸ்தானும் 2011இலேயே இதைத் தங்கள் விதியாக ஏற்றுக்கொண்ட முன்னோடிகள்.

2017இல் இது திருத்தப்பட்டது. ஹோட்டலும் ஆஸ்பத்திரியும் எந்த மண்டலத்தில் இருந்தாலும், அவற்றின் வெந்நீர்த் தேவையில் குறைந்தது 20 சதவீதம் சூரியனிடமிருந்து வர வேண்டும். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் 40 சதவீதம். குளிர் மண்டலத்தில் வெந்நீர் அமைப்பு உள்ள எல்லாக் கட்டடத்துக்கும் இது பொருந்தும். வெந்நீர்க் குழாய்களுக்கு வெப்பக் காப்பு உறை போட வேண்டும். சூரியன் போதாதபோது என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் ஏ.சி. போன்ற இயந்திரங்கள் வெளியே தள்ளும் சூட்டைப் பிடித்துப் பயன்படுத்து, பிறகு எரிவாயு, வேறு வழியே இல்லையென்றால் கடைசியாக மின்சார ஹீட்டர்.

கடைசியாக! நாம் முதலில் ஓடிப்போய் மாட்டியது அதைத்தான்.

2022இல் தாய்ச் சட்டமே திருத்தப்பட்டு, 2023 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அலுவலகங்களும் குடியிருப்புகளும் உள்ளே வந்தன. பெயரும் ஆற்றல் சேமிப்பு மற்றும் நீடித்த கட்டட விதித்தொகுப்பு என்று நீண்டது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் இந்தத் தொகுப்பு 500 கிலோவாட் மின் இணைப்புள்ள பெரிய கட்டடங்களுக்கு என்று இருந்தது. 2010இல் அதை 100 கிலோவாட் ஆக்கினார்கள். இன்னும் கீழே இறக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. நம் மண்டபம் அந்த நூறுக்குள் அடங்குகிறது. திருவண்ணாமலையில் தெருவுக்குத் தெரு இருக்கும் சின்ன லாட்ஜுகளும் அப்படித்தான். ஆக, குழாய்க்கு உறை போடு, மின்சாரத்தைக் கடைசியில் வை என்று விவரமாகச் சொல்லும் தொகுப்பு நம்மைத் தொடவில்லை. நம்மைத் தொடுவது "சோலார் ஹீட்டர் வை" என்கிற கட்டட அனுமதி விதி மட்டும். அந்த விதி பிளானைப் பார்க்கிறது. கட்டி முடித்த நாளைப் பார்க்கிறது. மூன்றாவது வருடத்து விடியற்காலையைப் பார்ப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

மின்சாரம் ஏன் கடைசி என்று மாணவர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். கல்யாணத்தன்று மண்டபத்தில் நூறு பேர் குளிக்கிறார்கள், ஆளுக்கு 20 லிட்டர் என்று வையுங்கள். மொத்தம் 2,000 லிட்டர். தொட்டியில் 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். 15 டிகிரி உயர்வு. பெருக்கினால் 1,26,000 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். வகுத்தால் 35 யூனிட்.

இதே வெந்நீரைத் திறந்த அடுப்பில் வைத்தால், விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போகும் என்ற கணக்கில், ஏறக்குறைய 80 கிலோ விறகு எரியும்.

35 யூனிட் அதிகமில்லையே என்பீர்கள். இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. சூட்டை எரித்து மின்சாரமாக்கி, மூன்றில் இரண்டு பங்கைக் காற்றில் விட்டுவிட்டு, மிச்சத்தைக் கம்பி வழியே இங்கே கொண்டுவந்து, மறுபடி சூடாக்குகிறோம். மின்சாரம் விளக்குக்கும் மோட்டாருக்கும் வேண்டிய சரக்கு. அதை வெறும் சூட்டுக்கு எரிப்பது பட்டுப்புடவையைக் கரித்துணியாக்குவது போல.

இரண்டாவது விஷயம், நேரம். 35 யூனிட்டை நாள் முழுக்கப் பரப்பினால் ஒரு சின்ன மோட்டாரின் வேலை. மூன்றரை மணிக்கு எல்லாரும் ஒன்றாகத் தட்டினால், இரண்டு கிலோவாட் கீசர் பன்னிரண்டு, 24 கிலோவாட் ஒரே நொடியில். அன்று மெயின் விழுந்தது இதனால்தான். கூடுதல் லோடு வாங்கினால் மெயின் விழாது, உண்மை. ஆனால் வருடத்தில் நாற்பது ஐம்பது விடியற்காலைக்காகப் பன்னிரண்டு மாதமும் அந்த லோடுக்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

2012ஐ மறந்துவிட்டீர்களா? ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத காலம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். அந்த வருடம் அக்டோபரில்தான் மாநில அரசு சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டது. நெருக்கடி வந்தால்தான் வெயில் நம் நினைவுக்கு வருகிறது.

பெங்களூர் செய்தது, கும்பகோணம் கற்பித்தது

விதி எங்கே உயிரோடு இருந்தது என்று பார்த்தால் பெங்களூர் கண்ணில் படுகிறது. 2007இல் அங்கே மின் விநியோக நிறுவனம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்குச் சோலார் ஹீட்டர் இருந்தால்தான் இணைப்பு என்று சொன்னது. வைத்தவர்களுக்கு மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 பைசா சலுகையும் கிடைத்தது. மாதாமாதம் பில்லில் தெரியும் சலுகை அது. அதனால் வைத்தார்கள், பழுதானால் சரிசெய்யும் ஆட்களும் தெருவுக்குத் தெரு உருவானார்கள். இன்று அந்த ஊர் மாடிகளைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு ஊரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள். அன்று ஆசிரியராக இருந்த யாரும் அதை மறக்க மாட்டோம். பள்ளிக்கூடக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று அதற்கு முன்பும் விதி இருந்தது. பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 1965ஆம் ஆண்டுச் சட்டம். தீக்குப் பிறகுதான் கீற்றுக் கொட்டகைகள் இறங்கின. ஆட்கள் நேரில் வந்து பார்த்தார்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றையும் காட்டி உரிமத்தைப் புதுப்பிப்பது கண்டிப்பானது. அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ் படி ஏறியவர்களில் நானும் ஒருவன். அன்று அலுத்துக்கொண்டேன். இன்று அது சரியென்று படுகிறது.

வெந்நீரையும் குழந்தைகளின் உயிரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எழுதிய விதி, திரும்பி வந்து பார்க்க ஓர் ஆள் இருக்கும்வரைதான் விதி. அந்தத் தை மாத விடியற்காலையில் கருகிய வாடை வந்ததையும் நினைத்துப் பாருங்கள். மாடி முழுக்க விருந்தாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என் யோசனை

முதலாவது, சோலாரை எடைக்குப் போட வேண்டாம். தொட்டி நன்றாக இருக்கிறது. நம் உப்புத் தண்ணீருக்கு, வெயிலில் சூடாகும் குழாய்க்குள் போர் தண்ணீர் நேரடியாக ஓடக்கூடாது. அதற்குள் நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றி, அதன் சூடு மட்டும் தொட்டித் தண்ணீருக்கு மாறும் அமைப்பு இருக்கிறது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். இதைத்தான் நான் அன்று கேட்காமல் விட்டேன்.

இரண்டாவது, மாடியிலிருந்து அறைகளுக்கு இறங்கும் குழாய்க்கு உறை போட வேண்டும். இப்போது வெறும் குழாயாக வெயிலிலும் பனியிலும் கிடக்கிறது. வழியிலேயே ஆறிவிட்டால் வெந்நீர் எப்படி வரும்?

மூன்றாவது, மேகமூட்ட நாளுக்கு மாற்று வேண்டும். பன்னிரண்டு கீசருக்குப் பதில் ஒரே ஒரு ஹீட் பம்ப் பற்றி விலை கேட்போம். ஏ.சி.யைத் திருப்பிப் போட்டது போன்ற இயந்திரம் அது. காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். 35 யூனிட் வேலையை ஏறக்குறைய 12 யூனிட்டில் முடிக்கும். முதல் நாள் மாலையிலிருந்தே மெதுவாக ஓடித் தொட்டியை நிரப்பும். விலை கட்டுப்படியாகாவிட்டால், இருக்கும் கீசர்களை நாலு நாலாக நேரம் மாற்றிப் போட ஒரு டைமராவது வைப்போம்.

நான்காவது, ஓர் ஆளின் பெயர். ஆண்டுக்கு ஒருமுறை உப்பு எடுப்பதும், முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை மாடியேறிக் குழாயைத் திறந்து கை வைத்துப் பார்ப்பதும் யார் பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். வேறு யாரும் முன்வராவிட்டால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் வலிதான், மாடிப்படி ஏற முடியாத அளவுக்கு இல்லை.

கடைசியாக, நம் ஊரைத் தாண்டிய ஒன்று. விதிகளைத் திருத்துகிறார்கள், நல்லது. சதவீதத்தை உயர்த்துகிறார்கள், அதுவும் நல்லது. கூடவே, மண்டபத்துக்கும் லாட்ஜுக்கும் உரிமம் புதுப்பிக்கும் படிவத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: சோலார் ஹீட்டர் வேலை செய்கிறதா, எந்த நாளில் யார் பார்த்தார்கள்? புதிய சட்டம் வேண்டாம், புதிய அலுவலகம் வேண்டாம். இப்படியொரு மனுவை எழுதிக் கொடுக்க நினைக்கிறேன். நம் ஊர்ச் சின்னக் கட்டடங்களைத் தொடும் திருத்தம் இப்படித்தான் இருக்க முடியும். நம் ஹீட்டரைச் சரிசெய்துவிட்டுத்தான் மனு கொடுப்பேன். செத்த ஹீட்டரை மாடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு யோசனை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தப் பாட்டியின் வீட்டில் வைகாசியில் இன்னொரு கல்யாணமாம், பேரனுக்கு. "மண்டபம் உங்களதுதான் வாத்தியாரே, சுடுதண்ணி மட்டும் நாங்களே கொண்டாந்துடறோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அதற்குள் முடித்தாக வேண்டும். ஞாயிறு காலை பத்து மணி, மண்டபத்தில். சோலார் வைத்து நல்லபடியாக ஓட்டுகிறவர்களும், வைத்துக் கெட்டவர்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். கூட்டத்தில் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
கீழ்பென்னாத்தூர்